விலங்கு முகம்: யாழ்ப்பாணச் சைவமும் கூர்ப்பு விஞ்ஞானமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அருகருகே இரண்டு தலங்கள். ஒன்று கீரிமலை. கீரி முகத்தோடு இருந்த நகுல முனிவர் அங்குள்ள ஊற்றில் நீராடி மனித முகம் பெற்றார் என்கிறது தலபுராணம். மற்றது மாவிட்டபுரம். குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அதே தீர்த்தத்தில் மூழ்கி, அந்த முகம் நீங்கப்பெற்று, முருகனுக்குக் கோயில் எடுத்தாள் என்பது அங்குள்ள கதை. மா விட்ட புரம் என்றால் குதிரை நீங்கிய ஊர். இரண்டு கதைகளுக்கும் ஆசை ஒன்றுதான்: மனிதனை விட்டு விலங்கின் சாயல் போய்விட வேண்டும்.

மனித இனம் எதிலிருந்து வந்தது என்று 1871இல் நூல் எழுதிய சார்ள்ஸ் டார்வின் இந்த ஆசைக்கு இடம் வைக்கவில்லை. விலங்கு முகம் சாபத்தால் ஒட்டிக்கொண்ட அழுக்கு என்ற நிலை மாறி, குடும்பச் சாயல் என்றாகிவிட்டது. எந்தத் தீர்த்தத்திலும் அதைக் கழுவ முடியாது. இப்படிப்பட்ட செய்தியில் பக்தியுள்ள மனம் பற்றிக்கொள்ள ஏதாவது உண்டா? உண்டு என்று யாழ்ப்பாண மண்ணோடு வேர்த்தொடர்புள்ள சிலர் நூற்றாண்டுக்கு முன்பே தேடத் தொடங்கினார்கள். அவர்கள் எங்கே தேடினார்கள், எதைத் தவறவிட்டார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பெயர்கள்

தமிழில் இந்த விஞ்ஞானத்துக்குப் பெயர் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் பரிணாமம் என்பார்கள். தனித்தமிழ் விரும்புவோர் படிமலர்ச்சி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் க.பொ.த. உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கும் பிள்ளை கூர்ப்பு என்று எழுதும். குறிக்கும் பொருள் ஒன்றானாலும் மூன்று சொற்களுக்குள்ளும் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன.

பரிணாமம் தத்துவ நூல்களில் புழங்கிய பழைய சொல். பால் தயிராவது பரிணாமம். தயிராகும் தன்மை பாலில் முன்பே இருந்தது. காரணத்தில் இல்லாதது காரியத்தில் தோன்றாது என்ற சற்காரியவாதம் அதன் பின்னால் நிற்கிறது. சைவசித்தாந்தமும் ஏற்றுக்கொண்ட வாதம் அது. படிமலர்ச்சி என்றால் கீழ்ப்படியில் மொட்டு, மேற்படியில் பூ. கூர்ப்பு என்பதோ தொல்காப்பியத்து உரியியலில் வரும் சொல். உள்ளது மிகுந்து சிறப்பதைக் குறிப்பது. சாணையில் உரசி உரசிக் கூராகும் கத்தியை அது நினைவூட்டுகிறது. முடிவில் எங்கே போய்ச் சேரும் என்று அந்தச் சொல் வாக்குக் கொடுப்பதில்லை.

டார்வினுக்கே இதன் ஆங்கிலப் பெயரில் தயக்கம் இருந்திருக்கிறது. 1859இல் வந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் முதற் பதிப்பில், இன்று உலகெங்கும் வழங்கும் ‘எவலூஷன்’ என்ற அந்தப் பெயர்ச்சொல் இல்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. பெயர்ச்சொல் நூலுக்குள் ஏறியது 1872இன் ஆறாம் பதிப்பில். இலத்தீன் மூலத்தில் அதற்குச் சுருளை விரித்தல் என்று பொருள். விரித்து வாசிக்க வேண்டுமானால் சுருளில் முன்பே எழுதியிருக்க வேண்டுமே! டார்வின் கண்ட இயற்கையில் அப்படி முன்பே எழுதிவைத்த சுருள் எதுவும் இல்லை. ஆன்மிக வாசிப்பு இடறி விழும் முதற் கல் இதுதான்.

கிரகணம் விட்ட தழும்பு

யாழ்ப்பாணத்துக்கு மேலைத்தேய விஞ்ஞானம் வெறும் அறிவாக மட்டும் வந்து சேரவில்லை. சமய விவாதத்தின் ஆயுதமாகவும் வந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். 1829 மார்ச் 20ஆம் தேதி சந்திர கிரகணத்தை அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒருவிதமாகக் கணித்திருந்தது. செமினரித் தலைவர் டானியல் பூவர் அதைத் தம் கணக்கோடு ஒப்பிட்டு, நேரத்திலும் அளவிலும் பிழை என்று முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு வானம் பூவர் பக்கம் நின்றது. பஞ்சாங்கத்தில் பிழையென்றால் அதைத் தாங்கும் சமயத்திலும் பிழை என்று வாதம் அடுத்த அடி வைத்தது.

“இதையெல்லாம் எங்கள் நூல்கள் முந்தியே சொல்லிவிட்டன” என்று கோயில் மண்டபங்களில் இன்றும் கேட்கும் பேச்சில் அந்தத் தழும்பு தெரிகிறது. டார்வின் என்ற பெயர் வந்தவுடன் பிரசங்கியார் எடுத்துக்காட்டுவது திருவாசகத்துச் சிவபுராணம். யாழ்ப்பாணச் சைவப் பிள்ளைகள் சிறுவயதிலேயே மனனம் செய்யும் பகுதி அது. புல்லில் தொடங்கி மனிதனையும் கடந்து போகும் பிறவிப் பட்டியல் ஒன்று அங்கே உண்டு. மாணிக்கவாசகர் டார்வினை முந்திவிட்டார் என்று சொல்லக் கேட்டால் சபை தலையசைக்கும்.

பட்டியலை நிதானமாகப் பார்த்தால் அந்தப் பெருமை நிற்காது. புல், பூடு, புழு, மரம் என்று போய், விலங்கும் பறவையும் பாம்பும் வந்தபின் கல் வருகிறது. கல்லுக்குப் பிறகு மனிதர். அதற்கு அப்பால் பேய், கணம், அசுரர், முனிவர், தேவர். இது எளியதிலிருந்து சிக்கலானதற்கு ஏறும் வரிசையாக இல்லை. மாறிக்கொண்டு போவது இனமும் இல்லை. ஓர் உயிர் உடலுக்கு உடல் இடம்பெயர்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிப்பதும் இப்படித்தான். புல்லும் மரமும் ஓரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு என்று வகுக்கும் அருமையான கவனிப்பு அது. ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று அது சொல்லவில்லை. வகைப்படுத்துவது வேறு, வம்சாவளி சொல்வது வேறு.

மானிப்பாயிலிருந்து கேம்பிரிட்ஜ்

ஆழமாகத் தேடியவர்களும் இருந்தார்கள். மானிப்பாயை வேராகக் கொண்ட குடும்பத்தில் 1853இல் பிறந்த பொன்னம்பலம் அருணாசலம், 1870களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் படித்தார். டார்வின் 1828 முதல் 1831 வரை படித்த அதே கல்லூரி. அங்கே அருணாசலத்துக்கு எட்வர்ட் கார்ப்பென்ரரின் நட்புக் கிடைத்தது. கார்ப்பென்ரர் கவிஞர், சமதர்மவாதி, டார்வினில் திருப்தி கொள்ளாதவர். போட்டியில் பிழைத்தவை நிலைத்தன என்ற விளக்கம் அவருக்குப் போதவில்லை. இதழ் இதழாக உள்ளிருந்து ஏதோ விரிகிறது, விருப்பம் முன்னே செல்ல உறுப்பு பின்னே வருகிறது என்று உயிரியலாளர் லாமார்க்கின் பக்கம் சாய்ந்து 1889இல் எழுதினார்.

அடுத்த ஆண்டு அவர் இலங்கைக்கு வந்தபோது அருணாசலம் அவரைத் தம் குருவான இராமசுவாமியிடம் அழைத்துச் சென்றார். தென்னிந்தியச் சைவ மரபில் வந்த அந்த ஞானியோடு நடந்த உரையாடல்கள் கார்ப்பென்ரரின் 1892ஆம் ஆண்டுப் பயண நூலில் இடம்பெற்றுள்ளன. எண்ணம் ஒடுங்கிய இடத்தில் அறிவு அணைவதில்லை, இன்னும் விரிகிறது என்பதே அவர் அங்கு பெற்ற பாடம். அதைக் கூர்ப்பின் மொழியில் பெயர்த்துக்கொண்டார்: விலங்குக்கு எளிய உணர்வு, மனிதனுக்குத் தன்னுணர்வு, அடுத்தது அனைத்தையும் தழுவிய உணர்வு. கனடாவின் மனநோய் மருத்துவர் ரிச்சர்ட் மோரிஸ் பக் 1901இல் எழுதிய பிரபஞ்ச உணர்வு பற்றிய நூலில் இதே மூன்றடுக்கு இருக்கிறது. கார்ப்பென்ரரும் ஓர் உதாரணமாக இடம்பெறுகிறார். மேற்கில் இன்று பரவலாக இருக்கும் ‘ஆன்மிகப் பரிணாமம்’ என்ற எண்ணத்துக்குள் ஓடும் நீரோட்டங்களில் ஒன்று, ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் குருவீட்டு முற்றத்தைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது.

1897 ஜனவரியில் விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசினார். அதற்கு முந்திய ஆண்டு வெளியான தமது இராஜயோக நூலில், பதஞ்சலியின் உவமை ஒன்றை அவர் டார்வினுக்கு மறுமொழியாக எடுத்தாண்டிருந்தார். கமக்காரன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. மடையைத் திறந்துவிடுகிறான், தண்ணீர் தன் இயல்பால் பாய்கிறது. அதுபோல நிறைவு எல்லா உயிர்க்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது, தடை நீங்கினால் போதும், போட்டி தேவையில்லை. விரிவு உண்டென்றால் அதற்கு முன் ஒடுக்கம் இருந்திருக்க வேண்டும். இறைப்பும் வாய்க்காலும் தெரிந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

பனங்கொட்டை சொல்வது

உவமையின் அழகில் மயங்கி உண்மையை விட்டுவிடக் கூடாது. மடையும் வாய்க்காலும் கமக்காரன் திட்டமிட்டுச் செய்தவை. இயற்கையில் நடப்பது என்ன என்பதற்குப் பனையைப் பார்க்கலாம். பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டால் முளை மேலே வருவதில்லை. முதலில் நிலத்துக்குள் இறங்குகிறது. கொட்டைக்குள் பஞ்சுபோல் வளரும் பூரான் அங்குள்ள உணவை உறிஞ்சிக் கீழே அனுப்ப, முளை மாச்சத்தைச் சேர்த்துத் தடிக்கிறது. நாம் அவித்துத் தின்னும், ஒடியலாகக் காயவைக்கும் பனங்கிழங்கு அதுதான். இலை மேலே தலைகாட்டுவது பிறகுதான். வறட்சியும் தீயும் மேய்ச்சலும் உள்ள வெளிகளில் ஆழத்தில் சேமித்த கன்று தப்பியது, மேலே அவசரப்பட்டது கருகியது. தப்பியதன் பிள்ளைகளும் அப்படியே இறங்கின. பரம்பரையில் தற்செயலாக நேரும் சிறு வேறுபாடு, அதைச் சூழல் சலித்தெடுத்தல், கணக்கற்ற தலைமுறைகள்: இவ்வளவு போதும். யாரும் மடை திறக்கவில்லை. கற்பகதரு என்று நாம் கும்பிடும் மரம் நம்மை எண்ணி உருவாகவில்லை.

இதைக் கேட்டதும் சைவ மனம் கூசுவது இயல்பு. நோக்கம் இல்லாத உலகில் அருளுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு வலுவான மறுமொழி தந்தவர் அருணாசலத்தின் உறவினர். மண்ணையும் கல்லையும் தொழிலாகப் படித்தவர். ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே பலருக்குத் தெரியும். அவர் இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவைப் பணியின் முதல் பணிப்பாளராக இருந்தவர். தோரியனைட் என்ற கனிமத்தை இனங்கண்டவர். 1944இல் விஞ்ஞான வரலாற்றுக்கான ஐசிஸ் இதழில் படிநிலையும் கூர்ப்பும் பற்றி எழுதினார். ஆதிகாரணத்தையும் இடைக்காரணங்களையும் குழப்புவதால்தான் சமயமும் கூர்ப்பும் மோதுவதாகத் தோன்றுகிறது என்பது அவர் வாதம். படைப்பு என்பது காலத்தின் தொடக்கத்தில் ஒருநாள் நடந்து முடிந்த சம்பவமல்ல. ஒவ்வொரு கணத்துக்கும் அது அடிநிலை. இடைக்காரணங்களின் சங்கிலியை விஞ்ஞானம் எவ்வளவு பின்னோக்கி இழுத்தாலும் அந்த அடிநிலையைத் தொடப்போவதில்லை.

சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது பழகிய தடம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மண்ணை எவ்வளவு கிளறினாலும் குயவன் இன்னொரு மண்கட்டியாக அகப்படமாட்டான். ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. விஞ்ஞானம் எதைக் கண்டாலும் நமக்குக் காயம் இல்லை என்றால், எதைக் கண்டாலும் நமக்குப் பாடமும் இல்லை. சுவர் இரண்டு பக்கத்தையும் மறைக்கும்.

ஒரே குளவி, இரண்டு வாசிப்பு

அந்தச் சுவரில் துளையிடுவது ஒரு பூச்சி. மண்குளவி புழுவைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டுக்குள் வைத்து வாயை அடைக்கும். சில நாள் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வரும். புழு குளவியாகிவிட்டது என்று பார்த்தவர்கள் முடிவு செய்தார்கள். குரு தீண்டிச் சீடனைத் தன்மயமாக்குவதற்கு இந்திய மரபுகள் எடுத்தாண்ட உவமை இது. சைவமும் விரும்பிக் கையாண்டது. இறைவன் உயிரைத் தானாக்குவது குளவி புழுவைக் குளவியாக்குவதுபோல.

பூச்சியியல் சொல்லும் கதை வேறு. கொட்டப்பட்ட புழு சாகாமல் முடங்கிக் கிடக்கிறது. குளவி இட்ட முட்டையிலிருந்து வரும் குடம்பி அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. வெளியே வந்தது தின்றது. தின்னப்பட்டது வரவே இல்லை. இதே கூட்டத்தின் இன்னொரு கிளை புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். 1860 மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் எடுத்துச்சொன்னது அந்தக் கிளையைத்தான். உயிரோடிருக்கும் புழுவுக்குள் இருந்து தின்னும்படி ஒரு பூச்சியை அன்புள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்தார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். நமக்கு அருளின் உவமையாய் வாய்த்த குளவி அவருக்கு ஐயத்தின் ஊற்றானது.

சித்தாந்தத்திடம் மறுமொழி இல்லாமல் இல்லை. இறைவனின் ஐந்தொழிலில் அழித்தலும் உண்டு, மறைத்தலும் உண்டு. அழித்தல் என்பது பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இளைப்பாறல் கொடுப்பது என்பார்கள். தன் சாவை எண்ணி ஒருவர் இதைச் சொன்னால் அது ஞானம். போரில் பிள்ளையை இழந்த தாயிடம் போய்ச் சொன்னால் அது கொடுமை. யாழ்ப்பாணத்தில் இந்த வேறுபாட்டை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. துன்பத்துக்குப் பொருள் தேடும் உரிமை துன்பப்படுபவருக்கே உண்டு. குளவியின் பக்கம் நின்று புழுவுக்கு ஆறுதல் சொல்வது ஆன்மிகமாகாது. விஞ்ஞானம் நம் உவமையை முறித்ததால் நமக்குக் கிடைத்த பாடம் இது. சுவருக்குப் பின்னால் இருந்திருந்தால் கிடைத்திராது.

ஏணியும் ஆணவமும்

கார்ப்பென்ரரும் பக்கும் ஏணி ஒன்றைக் கண்டார்கள். விவேகானந்தர் உள்ளே நிறைந்த நீரைக் கண்டார். பிரசங்கியார் முந்திச் சொன்ன பெருமையைக் கண்டார். மூன்றிலும் மனிதனுக்கு உயர்ந்த இருக்கை இருக்கிறது. கூர்ப்பு விஞ்ஞானமோ அந்த இருக்கையைத்தான் எடுத்துவிடுகிறது. இன்று உயிரோடிருக்கும் புல்லும் புழுவும் நமக்குக் கீழே நின்றுவிட்டவை அல்ல. ஒரே ஆதியிலிருந்து நாம் வந்த அதே நீண்ட காலத்தை அவையும் கடந்து வந்திருக்கின்றன.

அந்த இருக்கையை விடமறுக்கும் குணத்துக்குச் சைவத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. மும்மலங்களில் மூலமலமான ஆணவம். உயிரைச் சுருக்கி நான், எனது என்ற இருளில் அடைப்பது அது. சைவமும் கூர்ப்பும் சந்திக்கும் இடம் பிறவிப் பட்டியல் என்று நினைத்து நூறு ஆண்டுகளாக அங்கேயே தோண்டிக்கொண்டிருந்தோம். அவை சந்திப்பது இங்கே. சிவபுராணப் பட்டியலின் தொனியைக் கேட்டால் இது விளங்கும். ஏறிவந்துவிட்டேன் என்ற வெற்றி அதில் இல்லை. எல்லாமாகவும் பிறந்து களைத்துவிட்டேன் என்ற முறையீடுதான் இருக்கிறது. அதை எடுத்து டார்வினை முந்திய பெருமையாகக் காட்டுவது, ஆணவத்துக்கு மருந்தாகத் தந்ததையே அதற்கு உணவாகப் போடுவதாகும்.

ஏணி வெறும் உவமையாக நின்றுவிடுவதும் இல்லை. உயிர்களை மேல்கீழாக அடுக்கிப் பழகிய கண் மனிதரையும் அடுக்கும். ஐரோப்பாவில் அது இனவாதமாயிற்று. நமக்கு அதைக் கற்றுத்தர ஐரோப்பா தேவைப்படவில்லை. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் வழிபடப் போனபோது வாசல் மறிக்கப்பட்டது. சாதியின் பெயரால் கோயிலில் எவரையும் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்திருந்தது. மறித்தவர்களின் முன்னணியில் நின்றவர் செல்லப்பா சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், முன்னாள் கணிதப் பேராசிரியர். புல்லாகவும் புழுவாகவும் தானே பிறந்ததாக நாள்தோறும் ஓதும் ஒரு சமூகம், மனிதனாகப் பிறந்தவனை வாசலில் நிறுத்தியது. குதிரை முகம் நீங்கிய தலத்தில் மனித முகம் மறுக்கப்பட்டது. திருவாசகம் தெரிந்ததும் உதவவில்லை, கணிதம் தெரிந்ததும் உதவவில்லை. உறவை அறிவது ஒன்று, அந்த உறவுக்கு வழிவிட்டு ஒதுங்குவது இன்னொன்று.

கல்லுக்குள் இருப்பவர்கள்

கீரிமலைக் கேணியைச் சுற்றியுள்ள பாறை சுண்ணாம்புக்கல். குடாநாடு முழுவதன் அடித்தளமும் அதுவே. மயோசீன் காலக் கடலில், சுமார் 230 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த ஊழியில், வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய கல். அந்த ஊழி தொடங்கியபோது நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதையின் வழி இன்னும் பிரிந்திருக்கவில்லை. இன்று அந்தக் கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் மழைநீர் இறங்கி, நிலத்தடியில் ஊர்ந்து, கடலோரத்தில் நன்னீராய் ஊறுகிறது. குடாநாட்டுக்குப் பெரிய ஆறு இல்லை. இந்த ஓடுகளுக்கிடையே தங்கிய நீரில்தான் தோட்டமும் குடிமனையும் பிழைக்கின்றன.

ஆடி அமாவாசைக்குத் தந்தையை இழந்தவர்கள் அங்கே வந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்வது வழக்கம். அதற்கு மேல் பெயர் தெரியாது. விஞ்ஞானம் பெயர்களைத் தரவில்லை. ஆனால் பூட்டனுக்குப் பூட்டன் என்று பின்னே போகும் வழியில், இதற்கு அப்பால் நம்மவர் இல்லை என்று கோடு கிழிக்க ஓர் இடமும் கிடையாது என்கிறது. தர்ப்பண விதியின் விரிந்த வடிவில் பிரமனிலிருந்து புல்நுனி வரை எல்லா உயிர்களுக்கும் நீர் வார்க்கும் ஓர் இடமும் உண்டு. கிரியைகளின் அவசரத்தில் வாய்க்குள் ஓடிவிடும் மந்திரம் அது. குருக்கள் அந்த இடத்துக்கு வரும்போது ஒரு கணம் நிறுத்திச் சொன்னால், கையிலிருந்து விழும் நீர் யார்மேல் விழுகிறது என்று காலடிக் கல்லைக் குனிந்து பார்க்கலாம்.